அழுத திராட்சைக்கொடி

முயல் செவ்வந்தி வந்து சேர்வதற்குள் கூட்டம் பாதி முடிந்திருந்தது. கொடி செத்துவிட்டது என்று முள்ளம்பன்றி தீர்ப்பே சொல்லிவிட்டது.

மலைக்காட்டின் ஓரத்தில், வனக்காவலர் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கொல்லையில் இருந்தது அந்தத் திராட்சைக்கொடி. சுற்றிலும் தவிட்டுப்பழப் புதர்கள். கோடையில் காடு காய்ந்து கிடக்கும்போது, அணிலுக்கும் கொண்டைக்குருவியின் குஞ்சுகளுக்கும் செவ்வந்திக்கும் இந்தக் கொல்லைதான் சோறு போட்டது. இந்த வருடம் உறைபனி கொஞ்சநஞ்சமில்லை. இலையெல்லாம் கருகி உதிர்ந்து, சரிந்த பந்தலில் கொடி வெறும் கயிறாகத் தொங்கியது.

"நானே வேரோடு தோண்டி எடுத்துவிடுகிறேன். உங்களுக்காக இந்தச் சிரமம்கூடப் படமாட்டேனா?" என்றது முள்ளம்பன்றி.

"செத்துப்போச்சு என்று எப்படி மாமா சொல்கிறீர்கள்?" என்றாள் செவ்வந்தி.

"என் வயசுக்கு எத்தனை பனி பார்த்திருப்பேன்."

"பனியைப் பார்த்தீர்கள், சரி. கொடியைப் பார்த்தீர்களா?"

கொண்டைக்குருவி சிரித்துவிட்டது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டது.

"பனி நிற்கட்டும். காய்ந்த நுனியையும் வீணாய் நீண்ட கிளையையும் நான் கடித்து ஒதுக்குகிறேன். புதுத் துளிரில்தான் குலை வரும். அது வரவில்லை என்றால் தோண்டிக்கொள்ளுங்கள்," என்றாள் செவ்வந்தி.

அரைமனதோடு எல்லோரும் சம்மதித்தார்கள். பனி நின்றதும் செவ்வந்தி பந்தலில் ஏறினாள். ஒவ்வொரு கிளையிலும் ஓரிரு கணுக்களை மட்டும் விட்டு, மிச்சத்தைக் கடித்துப் போட்டாள். பல் கூசியது. விடவில்லை.

மறுநாள் காலை, கடித்த இடத்திலெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்!

"பார்த்தீர்களா, கொடி அழுகிறது," என்று ஊரைக் கூட்டியது முள்ளம்பன்றி. "நிம்மதியாகச் சாக விட்டாளா இவள்?"

"ஏன் அக்கா இப்படிச் செய்தாய்?" என்றது அணில். கொண்டைக்குருவி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இனி இந்தக் கொல்லையில் கால் வைக்காதே என்று ஒரு குரல் வந்தது.

செவ்வந்திக்குக் கோபம் காதுவரை ஏறியது. புதரில் பனியில் கருகிய குச்சி ஒன்றை ஒடித்து அணிலின் கையில் கொடுத்தாள்.

"இது செத்த குச்சி. அழுகிறதா பார்."

அணில் புரட்டிப் பார்த்தது. "இல்லையே. சுக்காகக் காய்ந்திருக்கிறது."

"கொடி மட்டும் எப்படிச் சொட்டுகிறது? வேர் தண்ணீர் குடித்து மேலே அனுப்புகிறது. செத்த வேர் குடிக்குமா?"

செவ்வந்தி முள்ளம்பன்றியின் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். தோண்டியெடுத்த வேரை என்ன செய்வதாக இருந்தீர்கள்?"

"வேரையா? அது... கொழுத்த வேர்... வீணாகப் போகக் கூடாதே என்று..." சொல்லும்போதே அதன் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது.

"கொடியைவிட உங்கள் வாய்தான் அதிகமாகச் சொட்டுகிறது," என்றது கொண்டைக்குருவி. கொல்லையே சிரித்தது. அன்றிலிருந்து வேரடியில் யாராவது ஒருவர் காவல் இருந்தார்கள்.

கணுக்கள் வெடித்தன. துளிர் பந்தலைப் பிடித்தது. கோடை காடு முழுவதையும் காய்ச்சியபோது, கொல்லையில் குலை குலையாகத் திராட்சை கறுத்தது.

பந்தலின் கீழே உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தது முள்ளம்பன்றி. "இது பிழைக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும்," என்றது.

"சாப்பிடுங்கள் மாமா," என்றாள் செவ்வந்தி. "வேரைத் தின்றிருந்தால் ஒரு வேளைக்குத்தான் வந்திருக்கும்."

ஒன்று செத்துவிட்டது என்று ஒருவர் அவசரப்பட்டுச் சொன்னால், அது செத்தால் அவருக்கு என்ன லாபம் என்று முதலில் கேட்க வேண்டும்.