ஊற்றுக்கரை அம்மை கேட்ட சுரைக்காய்க் கூட்டு

"என் கையப் பார்த்தாலே எனக்குப் பயமா இருக்கு, தாயே."

செண்பகவடிவு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். மஞ்சள் ஏறிய விரல்கள். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தன.

ஊற்றுக்கரை அம்மை அந்தக் கைகளைப் பார்த்தாள். மலையடிவாரத்தில், ஊற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுச் சாய்ப்பில் தனியாக வாழ்கிறவள். வயதில் செண்பகவடிவின் மகள்போல இருப்பாள். ஊர் முழுக்க அவளைத் தாயே என்று கூப்பிட்டது. அவளோ மனக்குறையோடு தேடி வருகிற பெண்களையெல்லாம் அக்கா என்றாள்.

"கை என்ன செஞ்சுது, அக்கா?"

"கொல்லப் பார்த்துது. எங்க வீட்டுக்காரர."

நடந்ததைச் செண்பகவடிவு சொன்னாள்.

அவள் வீட்டுப் புறவாசலில் அவள் வைத்து வராத செடி கிடையாது. விடிந்ததும் கருப்பட்டிக் காப்பித் தம்ளரோடு இறங்கிவிடுவாள். ஒரு மடக்குக் காப்பி, ஒரு செடி. எந்தக் கத்தரிக்காய் இன்றைக்கு, எது நாளைக்கு என்று தொட்டுப் பார்ப்பாள். பசலைக் கொடியைக் கம்பிக்கு ஏற்றுவாள். கறிவேப்பிலையைக் கிள்ளி, முகர்ந்து, அதற்குப் பிறகுதான் அன்றைய குழம்பு எதுவென்று முடிவாகும். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கே அவளுக்கு மனம் நிறைந்துவிடும். வேறு சந்தோஷம் அவள் தேடியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்கு விரதம். கொடியில் இருந்த சுரைக்காயைப் பறித்துக் கூட்டு வைத்தாள். விரதம் என்பதால் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. புருஷன் ஆவுடையப்பன் மட்டும் சாப்பிட்டார். மரமில்லில் கணக்குப்பிள்ளை. சத்தம் போட்டுப் பேசாத மனுஷன்.

சாயங்காலத்துக்குள் ரத்த ரத்தமாக வாந்தி எடுத்தார்.

கசந்த சுரைக்காய் விஷம் என்று டாக்டர் சொன்னார். கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தால் ஆளே இல்லை என்றார்.

"பொழச்சு வந்துட்டாரு. நான்தான் இன்னும் வரல, தாயே. கொடிய வெட்டி எறிஞ்சேன். புறவாசக் கதவப் பூட்டிட்டேன். எத வச்சாலும் நான் முதல்ல தின்னு, ஒரு மணி நேரம் பொறுத்து, எனக்கு ஒண்ணும் ஆகலன்னு கண்ட பெறகுதான் அவருக்கு வைப்பேன். அவரு ஆறிப்போனதத் தின்னாரு. அவரு ஒரு தடவ இருமினாக்கூட ஓடிப்போய் நெத்தியத் தொட்டுப் பாப்பேன். இப்ப அடுப்பே பத்த வைக்கதில்ல. ஓட்டல் பொட்டலந்தான். மனுஷன் பாதியா உருகிப்போனாரு."

"அவர் என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லமாட்டாரு."

அம்மை எழுந்து, ஊற்றில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வாரேன்."

செண்பகவடிவு பதறினாள். "நல்ல ஓட்டலா பாத்து..."

"சுரைக்காய்க் கூட்டு வைங்க" என்றாள் அம்மை.

*

மறுநாள் அம்மை வந்தபோது அடுப்பு பற்றவில்லை. செண்பகவடிவு வாசற்படியிலேயே நின்றாள்.

"சந்தையில நல்ல காய் கிடைக்கல, தாயே."

பொய். அவள் சந்தைக்கே போகவில்லை.

அம்மை நேராக வீட்டுக்குள் நடந்து, புறவாசல் கதவின் முன் நின்றாள். செண்பகவடிவு சாவியைக் கொண்டு வந்தாள். பூட்டு துருவேறியிருந்தது.

கதவு திறந்தது. புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. கத்தரிச் செடிகள் முற்றிக் காய்ந்துவிட்டன. ஆனால் குப்பை கொட்டிய மேட்டில், மதில்மேல் ஏறி, பச்சைப் பசேலென்று ஒரு கொடி. வெள்ளைப் பூக்கள். நடுவில், பாம்பு தலைகீழாகத் தொங்குவதுபோல, ஒரு சுரைக்காய்.

செண்பகவடிவு கத்திவிட்டாள்.

"அது அந்தக் கொடியோட விதை, தாயே! அன்னைக்கு நான் எறிஞ்சது!"

அம்மை பறித்துக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தாள். இன்னும் முற்றாத பிஞ்சுக் காய். உள்ளங்கைக்குக் குளிர்ச்சியாக, கனமாக இருந்தது.

"இது கசந்தா?" என்றாள் செண்பகவடிவு.

"தூரப் போடுங்க."

"கசக்கலன்னா?"

"எனக்குப் பசிக்குது, அக்கா."

செண்பகவடிவு அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். காம்புப் பக்கம் ஒரு துண்டு அரிந்தாள். கண்ணை மூடி நாக்கு நுனியில் வைத்தாள். இனிப்புமில்லை, கசப்புமில்லை. வெறும் தண்ணீர்ச் சுவை.

நம்பவில்லை. அடிப் பக்கம் அரிந்து வைத்தாள். அதே சுவை.

நடுவில் அரிந்தாள். அதற்கும் பக்கத்தில் அரிந்தாள். ஒரு துண்டு நன்றாக இருந்தாலும் அடுத்த துண்டு எப்படியோ. அதையும் வைத்துப் பார்த்தாள். அரிந்தாள், ருசித்தாள், அரிந்தாள்.

அம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு மிச்சம், அக்கா?"

செண்பகவடிவு குனிந்து பார்த்தாள். அரைக் காய் காணாமல் போயிருந்தது.

"முழுசும் தெரிஞ்ச பெறகு எனக்கு என்னத்த வைப்பீங்க?"

செண்பகவடிவு மிச்சப் பாதியைப் பார்த்தாள். பயம் போகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவள் பசியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

பாசிப்பருப்பு வெந்தது. தேங்காயும் சீரகமும் அம்மியில் மசிந்தன. கை தானாக வேலை செய்தது. அவள்தான் அந்தக் கையை ஒரு வேற்றாளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்தபோது தூக்கிவாரிப் போட்டது. கறிவேப்பிலையைப் போட்டாள். வாசம் வீடு முழுக்கப் போயிற்று.

*

ஆவுடையப்பன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். கையில் ஓட்டல் பொட்டலம். நடையிலேயே அவருக்கு வாசம் தட்டுப்பட்டது. நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமில்லை.

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க" என்றாள் அம்மை, ஏதோ தன் வீடுபோல.

பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு இலை. சோறு விழுந்தது. கூட்டு விழுந்தது. செண்பகவடிவின் கரண்டியிலிருந்து இலைக்கு வெளியிலும் கொஞ்சம் விழுந்தது.

அம்மை பிசைந்து உருண்டை பிடித்தாள். வாய்ப் பக்கம் கொண்டுபோனவள் ஒரு கணம் நிறுத்தினாள்.

"உங்களுக்கும் பயமா, தாயே?" என்றாள் செண்பகவடிவு.

"பயந்தான்" என்றாள் அம்மை. விழுங்கினாள். அடுத்த உருண்டை பிடித்தாள்.

ஆவுடையப்பன் இலையில் கை வைக்கவில்லை. அம்மை அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, அன்னைக்குக் கூட்டு கசந்துதா?"

"அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் செண்பகவடிவு அவசரமாக. "நினைப்ப எங்கேயோ வச்சுக்கிட்டுச் சாப்பிடுத மனுஷன். என்ன வச்சாலும் நல்லாருக்கும்பாரு."

"கசந்துது" என்றார் ஆவுடையப்பன்.

கரண்டி பாத்திரத்தில் விழுந்தது.

"முதல் வாய்லயே கசந்துது."

"பெறகு ஏன் சாப்பிட்டீய?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் இலையைப் பார்த்தபடியே பேசினார்.

"நீ விரதத்தோட அடுப்புல கிடந்து ஆக்கியிருந்தே. நான் திங்கதப் பாத்துக்கிட்டே நின்னே. கசக்குன்னு சொன்னா உன் முகம் சுண்டிப்போகும். எனக்கு அதப் பாக்கப் பயம்."

"அன்னைக்கு மட்டுமா?" என்றாள் அம்மை.

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"புளி ஏறின நாளும் உண்டு. அடிப்பிடிச்ச நாளும் உண்டு. எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னுதான் சொன்னேன்."

செண்பகவடிவு தூணைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த இடத்தில்தான் நின்று பரிமாறுகிறாள். எதிரே இருந்தவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றே நினைத்திருந்தாள். பயந்துகொண்டிருந்தார் என்று தெரியாது.

அம்மை அவளைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"இன்னைக்குக் கூட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க, அண்ணாச்சி."

ஆவுடையப்பன் ஒரு வாய் எடுத்தார். மெதுவாக மென்றார். நெற்றியில் வேர்வை அரும்பியது. பெண்டாட்டியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உப்பு..." என்றார். மறுபடியும் செருமினார். "உப்பு பத்தல, வடிவு."

செண்பகவடிவு உப்புச் சாடியை எடுக்க ஓடினாள்.