கொட்டகைக்குள் கோத்தகிரி

நாச்சிமுத்துவின் குரு, வயதில் அவர் மகனைவிடச் சின்னவர். சீடரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். நாச்சிமுத்து அவரைச் சாமி என்பார்.

மேட்டுப்பாளையத்துக்காரர் நாச்சிமுத்து. பம்ப் கம்பெனியை மகன் கையில் கொடுத்துவிட்டு, ஒரு சிவப்புக் காரைக் கட்டிக்கொண்டு அழுதார். பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு பேர்தான் உட்காரலாம். வெறும் கூடாக வாங்கி வந்த அன்றைக்கே மனைவி மரகதத்துக்கு வாக்குக் கொடுத்தார்: வேலை முடிந்ததும் முதல் சவாரி உனக்குத்தான், கோத்தகிரிக்கு. அந்த அம்மாள் பிறந்து வளர்ந்தது அங்கேதான்.

வருஷங்கள் போயின. வேலை முடிந்தபாடில்லை. பிரேக் சரியானால் கார்புரேட்டர் மக்கர் பண்ணும். அதுவும் சரியானால், கதவோரத்துப் பெயிண்ட் இவருக்குப் பிடிக்காது. ஞாயிறு தவறாமல் கார் நிற்கிற கொட்டகையின் கதவை விரியத் திறந்துவைத்து இஞ்சினை ஓடவிடுவார். நின்ற இடத்திலேயே உறுமி உறுமிச் சைலன்சர் உள்ளுக்குள் துருப்பிடித்தது. மனுசன் அதையும் மாற்றினார்.

இதற்குள் மரகதத்துக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. இருக்கிற பார்வையை எத்தனை நாள் காப்பாற்ற முடியுமோ பார்க்கலாம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். போன மழைக்குத் தெரிந்த வாசல் முருங்கை இந்த மழைக்குத் தெரியவில்லை. தேயிலைப் பச்சை தெரிகிறபோதே ஒருதரம் போய்விட்டு வரலாமே என்று மரகதம் கேட்டுப் பார்த்தார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். அவர் கேட்காமல் விட்டதுதான் நாச்சிமுத்துவுக்குத் தாங்கவில்லை.

அன்று ஞாயிறு. வெளியே தூறல். குரு வந்திருந்தார்.

"சாமி, ஒரு காரியம் எப்பங்க முழுசா முடியும்?"

குரு காரைப் பார்த்தார். ஒரு சுற்றுப் போய்வரலாமா என்று கேட்டார்.

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோடெல்லாம் சேறு, காரின் கூரைக் கித்தானில் ஒரு தையல் பாக்கி, மழை விடட்டும் என்று இழுத்தார்.

"சரிங்கண்ணா. வெளிய வேண்டாம். இங்கயே போலாம்."

குரு ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். நாச்சிமுத்து சிரித்தபடி இஞ்சினைக் கிளப்பினார். குரு கண்ணை மூடினார். மரியாதைக்கு இவரும் மூடினார்.

"எங்க வந்திருக்கோம்?"

"பவானிப் பாலம் தாண்டிட்டோமுங்க."

முதலில் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் இஞ்சின் சத்தம் தாலாட்டுப் போல இருந்தது. வளைவு வந்தது. கால் கிளட்சை அமுக்க, கை தானாகக் கியருக்குப் போனது. இன்னொரு வளைவு. மழை மணம் உள்ளே வந்தது. சுவர் எங்கே போனதோ, கொட்டகை எங்கே போனதோ.

"இப்ப?"

"குஞ்சப்பனைங்க. பலாப்பழம் வாசம் அடிக்குது."

ரோடு மேலே மேலே ஏறியது. மூடுபனி ரோட்டுக்கே இறங்கி வந்து, கார் நெருங்கினால் விலகி, கடந்ததும் பின்னால் கூடிக்கொண்டது. முகமெல்லாம் ஈரம். காற்றா, பனியா, தன் கண்ணீரா என்று அவருக்கே தெரியவில்லை.

"வண்டி எப்படிங்கண்ணா ஓடுது?"

"தண்ணியாட்டம் போகுதுங்க சாமி. ஒரு குறையும் இல்லை."

"பக்கத்துல யாரு?"

"மரகதமுங்க. பச்சை தெரியுது, பச்சை தெரியுதுங்கறா."

அதற்குமேல் கேள்வி வரவில்லை. நெடுநேரம் கழித்து நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

கொட்டகை வாசலில் குரு காப்பி குடித்துக்கொண்டு நின்றார். காப்பி கொண்டுவந்த மரகதம் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, இஞ்சின் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். அவருக்குப் பின்னால் தூறல் இன்னும் விடவில்லை.

"ஏனுங்க சாமி, பாதி வழியில இறங்கிட்டீங்க?"

"அக்கா இன்னும் ஏறலீங்களே, அண்ணா."