அர்த்தநாரியின் 270

"என் நம்பர்ல யாரு கை வெச்சது?"

காலை ஆறே கால் மணி. ஏற்காடு அடிவாரத்தில் சைக்கிள் கிளப் வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அர்த்தநாரி கேட்டார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நான்தான்," என்றாள் கோச் நிலோஃபர்.

அர்த்தநாரிக்கு நாற்பத்தேழு வயது, சேலத்தில் டைல்ஸ் கடை. கோச்சுக்கு இருபத்தெட்டு. வழக்கமாக "கோச், நீங்க" என்றுதான் பேசுவார், மரியாதை ஒரு பொட்டும் குறையாது. இன்றைக்கு "ஏம்மா, நீ" என்று இறங்கிவிட்டார். மனுஷர் கொதித்துப் போய் வந்திருக்கிறார்.

விஷயம் இதுதான். கிளப்பில் எல்லோருடைய பயிற்சியும் ஒரு மென்பொருளில் ஏறும். அதில் ஆளுக்கு ஓர் எண் உண்டு. ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் அவரால் எத்தனை வாட் தாங்க முடியும் என்பதுதான் அந்த எண். அதை வைத்து மென்பொருள் ஸோன் பிரிக்கும். இத்தனை வாட் வரை உனக்கு லேசு, இதைத் தாண்டினால் கஷ்டம் என்று கலர் கலராகக் காட்டும். அந்த ஓர் எண் தப்பென்றால் அத்தனை கலரும் தப்பு.

அர்த்தநாரியின் எண் எட்டு மாதமாக 270. இன்று எழுந்து போனைப் பார்த்தால் 218. அவருடைய பயிற்சிக் கணக்கையெல்லாம் பார்த்துக் கோச் போட்டது அது.

கிளப் பட்டியலில் இரண்டாவதாக இருந்தவர் ஒன்பதாவதாகப் போயிருந்தார். எட்டாவது இடத்தில் அவருடைய மச்சினன். அவன் பல் துலக்குவதற்கு முன்பே ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பிவிட்டான். இதை எந்த மனிதன் பொறுத்துக்கொள்வான்?

சரி, 270 எங்கிருந்து வந்தது? ஒருநாள் மலையில் ஒரு பால் வண்டியை விடாமல் துரத்திக்கொண்டு போனார். எட்டு நிமிடம். எட்டாவது நிமிட முடிவில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ரோட்டோரம் மல்லாந்தார். அந்த எட்டு நிமிடச் சராசரியைத்தான் ஒரு மணி நேர எண் என்று தன் கையாலேயே ஏற்றி வைத்தார். மிதித்தது நான்தானே, இதில் பொய் எங்கே வந்தது என்பது அவர் கட்சி.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது. அடுத்த மாதம் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான குழுப் போட்டி. நான்கு பேர் சேர்ந்து ஓட்ட வேண்டும். நாலாவது ஆள் கோட்டைத் தாண்டும்போதுதான் கடிகாரம் நிற்கும்.

போன வருடம் இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் அர்த்தநாரிக்கு மூச்சு முட்டி, கால் கல்லாகிவிட்டது. மற்ற மூவரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வருடம் கிளப்பில் அந்த வயதுக்காரர்கள் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை கோச் நான்கு பெயர் அறிவிப்பாள். இன்று வியாழன்.

"அஞ்சு கேள்வி வெச்சிருக்கேன்," என்றார். "அஞ்சுக்கும் பதில் சொல்லாம நீ இந்த எடத்தை விட்டு நகரக் கூடாது."

"270தான் வேணுமா சார்?"

"அது என் நம்பர்மா."

நிலோஃபர் லேப்டாப்பை இழுத்து 270 என்று அடித்தாள். கலரெல்லாம் பழையபடி மாறின.

அர்த்தநாரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்கென்று வந்தவரிடம் இப்படி உடனே விட்டுக்கொடுத்தால் அவர் என்னதான் செய்வார்?

"நின்ன எடத்துலயே மிதிக்கிற அந்த ஸ்டாண்டுல சைக்கிளை மாட்டுங்க," என்றாள். "உங்க ரெண்டாவது ஸோன்ல மிதிங்க. பேசிக்கிட்டே ஊர் போய்ச் சேர்ற ஸோன் அது. அஞ்சு கேள்வியையும் மிதிச்சுக்கிட்டே கேளுங்க. முழுசாக் கேட்டா முழுசாப் பதில் சொல்றேன்."

இது என்ன பிரமாதம் என்று ஏறி உட்கார்ந்தார். திரையில் பச்சை. 200 வாட்.

முதல் கேள்வி ஜோராக வந்தது. என்னைக் கேட்காமல் என் எண்ணை மாற்ற உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று ஏற்ற இறக்கத்தோடு கேட்டு, நடுவில் மச்சினனையும் ஒரு பிடி பிடித்தார்.

இரண்டாவது, பால் வண்டி பற்றியது. பாதியில் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். மலையில் எந்த வளைவில் துரத்தினார் என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டார்.

மூன்றாவது துண்டு துண்டாக வந்தது.

"டீம்ல... எனக்கு... எடம்..."

நிலோஃபர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சொல்லுங்க சார்."

அவர் சொல்லவில்லை. சங்கிலி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. திரை இன்னமும் பச்சையாகவே இருந்தது. இது உனக்கு லேசு என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

ஆத்திரம் அப்படியே இருந்தது. அதை வெளியே அனுப்ப மூச்சுதான் இல்லை. இந்த மூச்சிரைப்பை அர்த்தநாரி வேறொரு நாளும் அனுபவித்திருக்கிறார். பக்கத்தில் மூன்று பேர் ஒன்றும் பேசாமல் வந்துகொண்டிருந்தார்கள் அன்றைக்கு.

அவராகவே கியரை இறக்கினார். 190. 175. அப்புறம் 160. அங்கேதான் பேச்சு வந்தது.

"அந்த எரநூறைத்தான்," என்றார். குரல் சின்னதாகியிருந்தது. அவமானமாக இருந்தது அவருக்கு. "எட்டு மாசமா அதைத்தான் நான் ரெஸ்ட்டுன்னு ஓட்டியிருக்கேன்."

நிலோஃபர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். எண் போடும் கட்டம் காலியாக இருந்தது.

அர்த்தநாரி வியர்வைக் கையைப் பனியனில் துடைத்தார். 218 என்று தானே அடித்தார். பெயர் கடகடவென்று இறங்கி மச்சினனுக்குக் கீழே போய் நின்றது. அவர் பார்க்கப் பார்க்கவே, ஞாயிற்றுக்கிழமை அறிவிக்கப்போகும் குழுப் பட்டியலில் நாலாவது வரியில் அந்தப் பெயரை எழுதினாள் கோச்.

அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தார். மூச்சு சீரானது. கூடவே கோபமும் வந்துவிட்டது.

"இத்தனையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு எட்டு மாசமா ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"மூணு தடவை சொன்னேன் சார்," என்றாள் நிலோஃபர். "அப்பல்லாம் உங்களுக்கு மூச்சு இருந்துச்சு."