சடையப்பன் ஓட்டிய பொம்மை வண்டி

நாவல்மலைக் காட்டில் கரடி சடையப்பனைத் தெரியாதவர் கிடையாது. அந்தக் காட்டுக்கே ஒரே வண்டிக்காரன் அவன்தான்!

கோடை வந்துவிட்டால் மலை உச்சியில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஏரியோ அடிவாரத்தில் இருந்தது. அதனால் விலங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு மரவண்டி செய்திருந்தன. காலையில் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். வண்டி சரிவில் தானாகவே உருண்டு இறங்கும். மாலையில் யானைகள் அதை மேலே தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிடும்.

இறங்கும் வழியில் ஐந்து கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு பிரேக் கட்டையை இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்கு வேண்டிய பலம் சடையப்பன் கைகளுக்கு மட்டுமே இருந்தது.

"ஏறுங்க, ஏறுங்க! வாலைச் சுருட்டி உள்ளே வைங்க!" என்று தினமும் குரல் கொடுப்பான். முன்பலகையில் அவன் மனைவி கோதை குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த வருஷம் இலுப்பை மரங்கள் பூத்துக் கொட்டின. பூக்கள் ஒரு மரப்பொந்தில் விழுந்து, கோடை மழையில் ஊறி, நுரை தள்ளிப் புளித்துக் கிடந்தன. ஒருநாள் காலை சடையப்பன் அதில் வாய் வைத்துப் பார்த்தான். அடடா, என்ன இனிப்பு! கூடவே சுகமான ஒரு கிறுகிறுப்பு! மறுநாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான். பிறகு பொந்துக்குப் போகாமல் வண்டிக்கு வருவதே இல்லை என்றாகிவிட்டது.

ஒருநாள் மூன்றாவது வளைவில் வண்டி பாறையில் உரசியது. கடைசியில் உட்கார்ந்திருந்த ஆமைக் கிழவர் நல்லமுத்து எகிறிப் போய்ப் புதருக்குள் உருண்டார். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் இல்லை. முதுகு ஓட்டில் மட்டும் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது.

"பாத்து ஓட்டக் கூடாதா, சடையப்பா?" என்று அவர் புதருக்குள்ளிருந்தே கத்தினார்.

"நான் பாத்துத்தான் ஓட்டினேன் பெரியவரே! அந்தப் பாறைதான் குறுக்கே வந்துச்சு!"

"பாறை எப்படிய்யா குறுக்கே வரும்? நான் குஞ்சா இருந்த காலத்திலேருந்து அது அங்கேயேதான் நிக்குது!"

முயல் செவ்வந்தி மூக்கைச் சுளித்தாள். "அண்ணே, உங்க வாயில புளிச்ச வாடை அடிக்குதே!"

"அதுவா? ஒரு வாய் உள்ளே போனாத்தான் தங்கச்சி, கை நடுங்காம நிக்கும்!" என்று சொல்லிவிட்டுச் சடையப்பன் மீசையைத் தடவிக்கொண்டான்.

அவனிடம் இதற்கு மேல் யார் பேசுவது? அவனைத் தவிர வண்டி ஓட்டவும் ஆள் இல்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்கள், கண்ணை மூடிக்கொண்டே இறங்கினார்கள்.

முள்ளம்பன்றி கூரம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பொம்மை செய்து ஆட்டிக் காட்டுவதில் அவள் கெட்டிக்காரி. பனை நாரில் ஒரு கரடி செய்தாள். மரப்பட்டையில் ஒரு வண்டி செய்தாள். முயல், ஆமை, மான், குரங்கு என்று வண்டி நிறைய ஆட்களையும் செய்தாள். தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்களையே ஆட்டுகிற குச்சிகளாகச் செருகினாள். ஒரு பெரிய பாறைத் திட்டின் மேல் களிமண்ணால் மலைப்பாதையைக் கட்டினாள். ஐந்து வளைவும் அப்படியே இருந்தன!

மறுநாள் காலை வண்டிக்குக் காத்திருந்தவர்கள் முன்னால் ஆட்டம் தொடங்கியது. சடையப்பனும் பொந்திலிருந்து நேராக வந்து முதல் வரிசையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

பொம்மைக் கரடி தள்ளாடித் தள்ளாடி வந்தது. வண்டியில் ஏறப் போய்ப் பக்கத்து மரத்தில் ஏறியது! பாறைக்கு வணக்கம் சொல்லி, "வழி விடுங்கய்யா!" என்று கெஞ்சியது! கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் சடையப்பன்தான்.

"யாரு இந்த மடையன்? இவன் கையில போய் வண்டியைக் கொடுத்தது யாரு?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

சடையப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னையா கேலி பண்றீங்க?" என்று எழுந்தான். "குச்சியை இப்படிக் கொடு கூரம்மா! வண்டின்னா எப்படி ஓட்டணும்னு நான் காட்டுறேன்!"

"தாராளமா ஓட்டுங்க அண்ணே!" என்று கூரம்மா ஒதுங்கிக்கொண்டாள்.

சடையப்பன் குச்சியைப் பிடித்தான். முதல் வளைவை ஒழுங்காகக் கடந்தான். "பாத்தீங்களா?" என்றான். இரண்டாவது வளைவில் ஒரு சக்கரம் வெளியே தொங்கியது. "இது மண்ணு சரியில்லை!" என்றான். மூன்றாவது வளைவு வந்தது. அங்கே அவனுக்கு இரண்டு பாதை தெரிந்தது. இரண்டில் ஒன்றைப் பார்த்துத் திருப்பினான்.

பொம்மை வண்டி பாறைத் திட்டிலிருந்து கீழே விழுந்து சிதறியது.

யாரும் சிரிக்கவில்லை. சடையப்பன் குனிந்து ஒவ்வொரு பொம்மையாகப் பொறுக்கினான். முயலுக்குக் காது ஒடிந்திருந்தது. ஆமை இரண்டாகப் பிளந்திருந்தது. அவசர அவசரமாக வேறு இரண்டு பொம்மைகளைத் தேடினான்.

"கோதை எங்கே? என் குட்டி எங்கே? பொம்மையில ரெண்டைக் காணோமே!"

கூரம்மா மெல்லச் சொன்னாள். "அவங்க வண்டியில இல்லைண்ணே. பெரியவர் விழுந்த நாள்லேருந்து கோதை அக்கா குட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்துதான் போறாங்க. 'பொம்மையாக்கூட அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்'னு சொல்லிட்டாங்க."

முன்பலகை காலியாக இருந்ததைச் சடையப்பன் கவனிக்கவே இல்லை! பின்னால் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

பொம்மைகளைக் கூரம்மாவிடம் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு வண்டி கிடையாது. எல்லாரும் நடங்க," என்றான். நல்லமுத்துவைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக அவனே நடந்தான்.

நான்காவது வளைவில் கோதை மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். அவள் பாதம் வெடித்திருந்தது. முதுகில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

"வண்டி எங்கே? ரிப்பேரா?" என்று கேட்டாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஓட்டுறவன்தான் ரிப்பேர்," என்றான் சடையப்பன்.

கோதை குட்டியை எடுத்து அவன் மற்றத் தோளில் ஏற்றிவிட்டாள்.

அடுத்த நாள் காலை சடையப்பன் பொந்துப் பக்கமே போகவில்லை. நேராகக் கூரம்மாவிடம் வந்தான். "என் வாயை மோந்து பாரு!"

"ஊதுங்க!"

ஊதினான். கூரம்மாவின் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. "ஐயையோ! நேத்துத் தின்ன கரையான் வாடைதான் அடிக்குது! வேற ஒண்ணும் இல்லை, எல்லாரும் ஏறுங்க!"

அன்றுமுதல் ஊதிக் காட்டிய பிறகுதான் பிரேக் கட்டையில் கை வைக்கலாம் என்பது காட்டுச் சட்டமாகிவிட்டது. ஆனாலும் கோதை ஏறவில்லை. நடந்துகொண்டுதான் இருந்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் மலை உச்சியிலேயே மயில் வீட்டுக் கல்யாணம். விருந்தில் யாரோ புளித்த இலுப்பைச் சாறு ஊற்றிக் கொடுக்க, சடையப்பன் மறுக்க முடியாமல் குடித்துவிட்டான். விருந்து முடிந்ததும் ஏரிக்கு இறங்க எல்லோரும் வண்டியருகே வந்து நின்றார்கள்.

"ஒரு வாய்தானே அண்ணே! மெதுவா ஓட்டினா ஆச்சு!" என்றது குரங்கு.

"ஒரு வாயோ ஒரு குடமோ, இன்னைக்கு நான் தொட மாட்டேன்!" என்று சடையப்பன் பின்னால் நகர்ந்து நின்றான். "கால் இருக்குல்ல? நடங்க!"

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தது. கோதை மட்டும் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை, சடையப்பன் ஊதிக் காட்டிவிட்டு வண்டிக்கு வந்தபோது, முன்பலகையில் கோதை உட்கார்ந்திருந்தாள். மடியில் குட்டி.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன பாக்குறீங்க? பிரேக்கைப் பிடிங்க, வெயில் ஏறுது!" என்றாள் கோதை.

வண்டி ஐந்து வளைவையும் அழகாகத் திரும்பி ஏரிக்கரையில் போய் நின்றது.

குடித்தவனுக்குத் தன் தள்ளாட்டம் தெரியாது. ஆகவே ஒரு வாய் குடித்திருந்தாலும் வண்டியைத் தொடக்கூடாது.