செவந்திலிங்கம் வீட்டு ஒலிப்பதிவு

குருவுக்கு இருபத்தேழு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. ஊர் திருச்சி.

குரு ரிஸ்வானா, பாலக்கரையில் சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தாள். வீட்டிலேயே பாட்டு பதிவு செய்வது எப்படி என்று சனிக்கிழமைகளில் வகுப்பும் எடுப்பாள். சீடர் செவந்திலிங்கம், அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்தியவர். வகுப்பில் சேர்ந்த அன்றே அவள் கொடுத்த பாடக்குறிப்பில் பதினாறு பிழைகளைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் வாய் நிறைய "குருவே" என்றுதான் கூப்பிடுவார்.

கற்றுக்கொண்டதெல்லாம் மனைவி குழலிக்காக. குழலிக்குத் தொண்டையில் கட்டி. வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் அவள் பாட்டு ஒன்றையாவது பிடித்து வைத்துவிட வேண்டும் என்று மனுஷர் தவித்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் மசியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ரிஸ்வானாவே உறையூரில் அவர் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"என்ன பண்ணுது சார்?"

"பாடும்போது படபடன்னு வெடிக்குது குருவே. பஃபர் அளவைக் கூட்டினா வெடிப்பு நின்னுடுது, ஆனா ஹெட்போன்ல அவ குரல் அவளுக்கே தாமதமா வருது, தடுமாறுறா. குறைச்சா மறுபடி வெடிக்குது. புதுசு வாங்கிடவா?"

"முதல்ல ஒரு தடவை பதிவு பண்ணுங்க. பார்க்கிறேன்."

குழலி மைக் முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது அவளே இட்டுக்கட்டிய பாட்டு. காக்காய் வரும், அப்பளம் வரும், தலையும் கிடையாது வாலும் கிடையாது.

மூன்றாவது வரியில் செவந்திலிங்கம் கை தூக்கினார். "நிறுத்து குழலி. அப்பளத்தை அழுத்திச் சொல்லு."

மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி கை. "மூச்சு வாங்குறது கேட்குது பாரு."

நாலாவது தடவை குழலியின் குரல் பாதியாகிவிட்டது. "டீ போட்டுட்டு வந்துடுறேன்" என்று எழுந்து போனாள். ரிஸ்வானாவும் பின்னாலேயே அடுக்களைக்குப் போனாள். இரண்டு பேரும் மெதுவாக என்னமோ பேசிக்கொண்டார்கள்.

ரிஸ்வானா மட்டும் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். குழலியின் குரலுக்கு மேல் பிளகின் எனும் குட்டி மென்பொருள்கள் ஒன்பது ஓடிக்கொண்டிருந்தன. இரைச்சல் நீக்க, சுருதி சேர்க்க, மூச்சை அழிக்க என்று ஆளுக்கொரு வேலை.

"எல்லாத்தையும் பாடும்போதே ஓடவிட்டிருக்கீங்களே சார், கம்ப்யூட்டர் எப்படித் தாங்கும்? அதான் வெடிக்குது."

"கையோட திருத்திட்டா வேலை மிச்சம்னுதான். தப்பா?"

ரிஸ்வானா ஒரு காகிதத்தை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"நான் சொல்றதை எழுதுங்க. நல்ல தமிழ்ல, ஒரு பிழை இல்லாம. நான் நிறுத்த மாட்டேன்."

செவந்திலிங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேனாவைத் திறந்தார். அவள் சாதாரணமாகப் பேசுகிற வேகத்திலேயே சொன்னாள்:

"இப்ப அடுக்களைல குழலிம்மா எங்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. அவங்களுக்கு ஆபரேஷன் கூட பயமில்லையாம். மைக் முன்னாடி உட்காரத்தான் பயமாம். இத்தனை வருஷம் நல்லாப் பாடினதா நெனச்சிட்டிருந்தாங்களாம்."

நிறுத்தினாள். காகிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. 'சற்றுமுன் குழலியம்மாள் என்னிடம் ஒரு செய்தி கூறினார்.' சுத்தமான வரி. குறை சொல்ல முடியாது.

"மீதி எங்க சார்?"

"காதுல விழல குருவே. இதைத் திருத்திட்டிருந்தேன்."

ரிஸ்வானா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

பிறகு நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்பது பிளகின்களையும் ஒவ்வொன்றாக அவரே அணைத்தார். பஃபரைக் குறைத்தார். மைக்கில் தட்டிப் பார்த்தார். தட்டின கையோடு ஹெட்போனில் சத்தம் வந்தது. வெடிப்பு இல்லை.

குழலி டீயோடு வந்தாள். ஹெட்போனை அவரே அவளுக்கு மாட்டிவிட்டார்.

"பாடு குழலி. உன் இஷ்டத்துக்குப் பாடு."

அவள் அவரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் செவந்திலிங்கத்தின் கை தானாகக் கிளம்பியது. அதை அவரே பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். நாலாவது வரிக்கு மேல் குழலி கண்ணை மூடிக்கொண்டாள். காக்காய் வந்தது, அப்பளம் வந்தது, அவர் இதுவரை கேட்டே இராத ஒரு பூனையும் வந்தது. மைக் இருப்பதையே அவள் மறந்துவிட்டாள். மறந்தவள் பாட்டின் நடுவில் கண்ணைத் திறந்து, "ஏங்க, காலை மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அதே சுருதியில் மிச்சத்தைப் பாடி முடித்தாள்.

அவர் மாத்திரை போட்டிருக்கவில்லை. குழலி தலையில் அடித்துக்கொண்டு தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

செவந்திலிங்கம் பதிவைப் போட்டுக் கேட்டார். அருமையாக விழுந்திருந்தது, அந்த ஓர் இடம் தவிர.

"எல்லாம் நல்லா இருக்கு குருவே. நடுவுல அந்த மாத்திரை மட்டும்... அதை வெட்டிடலாம்ல?"

ரிஸ்வானா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தாராளமா வெட்டலாம் சார். ஆபரேஷன் முடியட்டும். அப்புறம் ஒருநாள் தனியா உட்கார்ந்து இதைக் கேளுங்க. அப்பவும் வெட்டணும்னு தோணிச்சுன்னா கூப்பிடுங்க, நானே வந்து வெட்டித் தரேன்."