தூங்கினவ கண்ட வழி

குளத்தங்கரையில ஒரு பழைய வளை. அதுல சொட்டையன்னு ஒரு எலி, அவன் பொண்டாட்டி மூக்காயி, கண்ணு தொறக்காத குட்டி ஒண்ணு. அன்னிக்கு விடியக்காலையிலதான் குடி வந்தாங்க.

வளைக்குள்ள ஏகப்பட்ட கிளை. ஒரே ஒரு வழிதான் பின்பக்கமா வெளிய போகும். மத்ததெல்லாம் முட்டுச்சுவரு. பாம்பு வந்தா ஓடணுமே! ரெண்டு பேரும் அந்த வழிய நல்லா நடந்து பார்த்தாங்க. அப்புறம் மூக்காயி சுருண்டு படுத்துட்டா.

சொட்டையனுக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

"ஏண்டி! வழி மனப்பாடம் ஆகல, அதுக்குள்ள கொறட்டையா!"

"எலிக்குப் பகல்லதானய்யா தூக்கம்! நீயும் படு!"

"சோம்பேறி! நான் படிக்கப் போறேன்!"

படிச்சான். எப்படி? கத்திக் கத்தி!

"இடது, வலது, வேரு தாண்டி இடது! இடது, வலது, வேரு தாண்டி இடது!"

மத்தியானம் ஆச்சு. கண்ணு செவந்து போச்சு.

"வலது, இடது... வேரு... வலது!"

மாறிப்போனது அவனுக்கே தெரியல.

தூக்கத்துல மூக்காயிக்கு மீசை துடிச்சுது. நாலு காலும் ஓடுற மாதிரி படபடன்னு உதறுச்சு.

"பாரு, கனவுல ஊர் சுத்துறா!"ன்னு அவ வாலப் புடிச்சு இழுத்தான்.

வெடுக்குன்னு எந்திரிச்சு அவன் காதுல ஒரு கடி வச்சா.

"இன்னொரு தடவ எழுப்பினே, மறு காது இருக்காது!"

மறுபடி படுத்துட்டா.

சாயங்காலம் வாசல்ல "ஸ்ஸ்ஸ்..."

சாரைப்பாம்பு!

சொட்டையன் குட்டியக் கவ்வினான். வலப்பக்கம் பாஞ்சான்.

"இடப்பக்கம்யா! என் பின்னால வா!"ன்னு அலறினா மூக்காயி.

பதிலுக்குச் சண்டை போட வாய் வேணுமே! குட்டியத் தொப்புன்னு கீழ போட்டான்.

"நாள் பூரா படிச்சவன் நானா, நீயா? தூங்குமூஞ்சி பின்னால நான் வரணுமா!"

மூக்காயி குட்டியக் கவ்விக்கிட்டு ஓடினா. இருட்டுல காலே வழி சொல்லுச்சு. தூக்கத்துல ஓடின அதே ஓட்டம்! இடது, வலது, வேரு தாண்டி இடது. வெளிச்சம்!

உள்ள இருந்து சத்தம் கேட்டுச்சு.

"வலது... ஐயோ, சுவரு! இடதா? வலதா? மூக்கா..."

அவ்வளவுதான்.

குட்டியப் புல்லுல வச்சுட்டு, வளையப் பார்த்துக் கத்தினா மூக்காயி.

"அடப் பாவி! ஓயாம ஓதினியே, அது உள்ள இறங்க ஒரு பொழுது விட்டியாய்யா! ஒரு பொழுது!"

கத்துக்கிட்டத மனசுல பதிய வைக்கிறது தூக்கம்தான். தூக்கத்தக் கெடுத்துப் படிக்கிறவன் படிச்சதையும் தொலைச்சிடுவான்.