இளவரசியின் வண்டிக்குக் கிடைத்த அரைச் சுருள்

வெகு காலத்துக்கு முன்னே, மலையும் பாறையுமாகக் கிடந்த குன்றவள நாட்டை அதிரூபவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். காலையில் ஒருவருக்குப் பட்டம் கொடுப்பான், மாலையில் அதைப் பிடுங்கி இன்னொருவருக்குச் சூட்டுவான். அப்படிப்பட்டவனிடம் நெடுங்காலம் மந்திரியாகத் தாக்குப்பிடித்தவர் ஏகம்பர்.

ராஜாவின் ஒரே மகள் அல்லியங்கோதை, புகுந்த வீட்டிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வரவேண்டியிருந்தது. வழியெல்லாம் கல். வண்டி குலுங்கினால் பிள்ளைத்தாய்ச்சி என்ன ஆவாள் என்று ராஜாவுக்குத் தூக்கமே இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் வியாபாரி எஃகுக் கம்பியைச் சுருட்டிச் செய்த நீளமான சுருள்வில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனான். அமுக்கினால் அடங்கும், விட்டால் எழும். "இதை என் மகள் உட்காரும் ஆசனத்துக்கு அடியில் வையுங்கள்!" என்றான் ராஜா.

வண்டிச்சாலை அதிகாரி வீரகேசரி வைத்தார். வெள்ளோட்டத்துக்கு ராஜாவே ஏறினான். உட்கார்ந்ததுமே ஆசனம் இறங்கி அச்சில் 'தொம்' என்று இடித்தது. ராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டே சபைக்கு வந்தான்.

"வீரகேசரியாரே, என்ன கண்றாவி இது?"

"அரசே, சுருளில் வலுவில்லை. என் மல்லன் ஒற்றைக் கையால் அமுக்கிவிட்டான்" என்றார் வீரகேசரி. மந்திரி நாற்காலிமேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அதனால் விடாமல், "இதை உயர்ந்த பொருள் என்று புகழ்ந்தவர் மந்திரியார்தான்" என்று கோர்த்துவிட்டார்.

ஏகம்பர் சுருளை வாங்கி அமுக்கிப் பார்த்தார். அவர் கைக்கு அது லேசில் அடங்கவில்லை.

"மல்லனுக்கு மெத்தென்று இருக்கிறது, உமக்குக் கல்லாக இருக்கிறது. நான் யார் கையை நம்புவது?" என்றான் ராஜா.

"யார் கையையும் வேண்டாம் மன்னா. கைக்குக் கை கணக்கு மாறும். சுருளையே கேட்போம்" என்றார் ஏகம்பர்.

சபை உத்தரத்தில் சுருளைத் தொங்கவிட்டு, அதன் அடியில் ஒரு மணங்கு எடைக்கல்லைக் கட்டினார்கள். சுருள் இரண்டு விரல் இறங்கி நின்றது. இன்னொரு மணங்கு சேர்த்ததும் நான்கு விரல். மூன்றாவதுக்கு ஆறு. கல்லை அவிழ்த்ததும் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது.

"பார்த்தீர்களா? மணங்குக்கு இரண்டு விரல். இதுதான் இந்தச் சுருளின் விறைப்பு. இழுத்தாலும் இதே கணக்கு, அமுக்கினாலும் இதே கணக்கு. இளவரசியும் ஆசனமும் சேர்ந்தால் ஆறு மணங்கு. அப்படியானால் பன்னிரண்டு விரல் இறங்கும். ஆசனத்துக்கும் அச்சுக்கும் நடுவே இருப்பதோ பத்து விரல்தான். இடிக்காமல் என்ன செய்யும்?"

"அப்படியென்றால் எனக்கு என்ன வேண்டும்?"

"மணங்குக்கு ஒரே விரல் இறங்கும் சுருள். இதைப்போல் இரண்டு மடங்கு விறைப்பு. ஆறு விரல் இறங்கும், மீதி நான்கு விரல் கல்லுக்கும் பள்ளத்துக்கும் போதும்."

வீரகேசரி சிரித்தார். "கப்பல் போய்விட்டது. நம் கொல்லருக்கோ இந்த வேலை தெரியாது. நாளை விடியும்போது வண்டி கிளம்பியாக வேண்டும். கண்டுபிடித்தவரே செய்தும் கொடுக்கட்டுமே! முடியாவிட்டால்..."

"முடியாவிட்டால் மந்திரியின் முத்திரை மோதிரம் உமக்கு" என்றான் ராஜா. அவனுக்கு மகள் கவலை. யார் மந்திரியாக இருந்தால் என்ன!

ஏகம்பர் மோதிரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பயம் வரவில்லை. எடைக்கல் இறங்கியபோதே ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார்.

"ஒரு நல்ல அரம் கொண்டுவாருங்கள். சுருளை நடுவில் வெட்டவேண்டும்."

சபையே எழுந்துவிட்டது. "ஐயோ, இருக்கிறதையும் கெடுக்கிறாரே! பாதியாக வெட்டினால் வலுவும் பாதியாகிவிடாதா?" என்று அலறினார் வீரகேசரி.

"வெட்டும் முன்னே ஒன்று பாருங்கள்" என்று, சுருளின் நட்டநடுவில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார் ஏகம்பர். மறுபடி ஒரு மணங்கைத் தொங்கவிட்டார். "அரசே, அடிமுனை எவ்வளவு இறங்கியது?"

ராஜாவே சிம்மாசனத்திலிருந்து இறங்கிவந்து விரல் வைத்து அளந்தான். "இரண்டு."

"நூல்?"

"ஒன்று... அட!"

"மேல்பாதியும் முழுப் பாரத்தைத்தான் தாங்குகிறது. ஆனால் அது நீண்டது ஒரு விரல்தான். மற்ற விரல் கீழ்ப்பாதி கொடுத்தது. கீழ்ப்பாதியை எடுத்துவிட்டால், மணங்குக்கு ஒரே விரல். நாம் தேடும் சுருள் இதற்குள்ளேதான் இருக்கிறது."

அரம் ஓடியது. சுருள் இரண்டானது. ஒரு பாதியை மரக்கட்டைமேல் ஏற்றி, ஆசனம் பழைய உயரத்தில் நிற்கும்படி பொருத்தினார்கள்.

"யார் உட்கார்ந்து பார்ப்பது?" என்று கேட்ட ராஜாவின் கண் வீரகேசரிமேல் நின்றது. ஆசனத்தோடு சேர்த்து எடை ஆறு மணங்காகும்வரை அவர் மடியில் கல்லைக் கட்டினார்கள். சபை முழுக்க எட்டிப்பார்க்க, ராஜா அளந்தான்.

"எவ்வளவு வீரகேசரியாரே? நீரே குனிந்து பார்த்துச் சொல்லும்."

"ஆறு... ஆறு விரல், அரசே."

"உரக்கச் சொல்லும்! கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை."

"ஆறு விரல்!"

கோட்டைக்கு வெளியே கரடுமுரடான பாறைமேல் அவரை வைத்தே வண்டியை ஓட்டினார்கள். இடிக்கவே இல்லை. இறங்கியதும் வீரகேசரி ஏகம்பர் முகத்தைப் பார்க்காமல் வண்டிச்சாலைப் பக்கம் நடந்தார். "நில்லும்! இனிமேல் அளக்காமல் ஒரு ஆணிகூட நீர் அடிக்கக்கூடாது. அதை மேற்பார்க்க மந்திரியார் வருவார்" என்றான் ராஜா. தன் தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து ஏகம்பருக்குப் போர்த்தினான்.

சில நாள் கழித்து வண்டி அரண்மனை வாசலுக்குத் திரும்பி வந்தது. ராஜா ஓடிப்போய்த் திரையை விலக்கினான். அல்லியங்கோதை ஒரு கையை வயிற்றின்மேல் வைத்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் குரல் கேட்டுக் கண்ணைக் கசக்கினாள்.

"என்னப்பா, எதிர்கொண்டு வந்துவிட்டீர்களா? மலைப்பாதை இனிமேல்தானே வரும்?"